மாட்டேன் என்றவன் போனான்



இறைவனுக்குச் செயலால் கீழ்ப்படிவது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். இயேசு எருசலேம் ஆலயத்தில் போதித்துக்கொண்டிருக்கிறார். சிலுவைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. பிரதான ஆசாரியரும் மக்களின் மூப்பரும் வந்து, எந்த அதிகாரத்தில் இதையெல்லாம் செய்கிறாய் என்று கேட்கிறார்கள். அவர் ஒரு கதை சொல்கிறார். ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவனிடம் போய், இன்றைக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்கிறார். அவன் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். இளையவனிடமும் அதையே சொல்கிறார். அவன் மரியாதை குறையாமல், இதோ போகிறேன் என்ற பொருளில் பதில் சொல்கிறான். ஆனால் போகவில்லை. இருவரில் தகப்பனின் விருப்பத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். மடக்குவதற்காக வந்தவர்களே விடையையும் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் அந்த அடி விழுகிறது: வரி வசூலிப்பவர்களும் விலைமகளிரும் உங்களுக்கு முன்னே இறையாட்சிக்குள் போகிறார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இதில் இரண்டு இடங்களில் மட்டும் நிற்க விரும்புகிறேன்.

முதலாவது, கதையில் மூன்றாவது மகன் இல்லை. போகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே போன ஒரு பிள்ளையை இயேசு அங்கே காட்டவே இல்லை. நம் ஞாயிறு பள்ளிகளில் நாம் வளர்க்க விரும்புவது அந்த மூன்றாவது பிள்ளையைத்தான். நாமே அந்தப் பிள்ளை என்று நம்பவும் விரும்புகிறோம். இயேசுவோ இரண்டே பேரை நிறுத்துகிறார். இருவருமே தகப்பனை ஏதோ ஒரு வேளையில் வருத்தியவர்கள். ஒருவன் சொல்லால் வருத்தினான், மற்றவன் செயலால். கீழ்ப்படிதல் என்பது குறையற்றவர்களின் குணம் என்று இருந்தால் நம்மில் பலர் இங்கிருந்து எழுந்து போய்விடலாம். இந்தக் கதை அப்படிப் போகவிடுவதில்லை. காலையில் மறுத்தவனுக்கும் பகலில் தோட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டாவது, இளைய மகன் பொய் சொன்னான் என்று கதை சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு பதில் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. அவன் உண்மையாகவே போக நினைத்திருக்கலாம். போகிறேன் என்று சொன்ன அந்த நிமிடத்தில் அவன் நெஞ்சு நிறைந்திருக்கலாம். சொல்லிவிட்டதே போய்விட்டதுபோல அவனுக்கு நிம்மதி தந்திருக்கலாம். எனக்கு அச்சம் தருவது இந்த இடம்தான். ஆராதனை மிகுந்த சபைக்கு, ஜெபக்கூட்டமும் உபவாசக் கூட்டமும் குறைவில்லாத குடும்பத்துக்கு, இளைய மகனின் நோய் எளிதில் தொற்றும். ஆமென் என்று சொன்ன பிறகு செய்யவேண்டியது எதுவும் மிச்சமில்லை என்ற உணர்வு மெல்ல மெல்ல உள்ளே வந்து அமர்ந்துவிடும்.

மூத்த மகனின் முகத்தை நம் மண்ணிலேயே காட்டமுடியும். ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னையில் பணிபுரிந்த மருத்துவர். தகப்பனாரும் மருத்துவர்தான். சிறுமி ஐடா பஞ்சக் காலத்தில் பசித்த பிள்ளைகளைப் பார்த்தவர். பெற்றோர் மிஷன் வேலைக்குத் திரும்பியபோது அமெரிக்காவில் தனியே விடப்பட்டு அழுதவர். ஊழியத்துக்கு ஒரு வீடு கொடுக்கும் விலை என்ன என்பதை உள்ளிருந்து அறிந்த அந்தப் பெண், மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்.

அவர் படித்த பள்ளி எது தெரியுமா? நார்த்ஃபீல்டில் டி. எல். மூடி நிறுவிய பள்ளி. அந்தக் காலத்தில் ஆங்கிலம் பேசும் உலகின் மிகப் புகழ்பெற்ற பிரசங்கியார்களில் ஒருவர் மூடி. நூற்றுக்கணக்கான மாணவர்கள் மிஷன் பணிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த பேரெழுச்சி 1886-இல் தொடங்கியது அந்தப் பள்ளிக்கு அருகில்தான். அத்தனை பிரசங்கங்களின் நடுவே வாழ்ந்துவிட்டு, மாட்டேன் என்ற தன் சொல்லை மாற்றிக்கொள்ளாமல்தான் அவர் வெளியே வந்தார். 1890-இல் தாயாரின் உடல்நலம் கெட்டதால் திண்டிவனத்துக்கு வந்தார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் எண்ணம்.

அங்கே நடந்த ஓர் இரவின் கதையை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர், தங்கள் மனைவியருக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று வந்து ஐடாவை அழைத்தார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் மருத்துவர் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று சொல்லி மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

பிரசங்கம் அசைக்காத மனதை அந்த மூன்று மரணங்கள் அசைத்தன. நாம் இந்தக் கதையை வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம், அழைப்பைக் கேட்டார் என்று சொல்லி. என் பார்வையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஓர் இரவில் மனம் மாறுவது பலருக்கு நடக்கிறது. ஐடா அதன் பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இன் தொடக்கத்தில் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் இறந்துபோனார். வேலூரில் வீட்டின் ஓர் அறையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பெண்கள் இறந்ததற்கு ஒரு பெண் மருத்துவர் போதாது, இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்ற கணக்கு அந்தப் பள்ளியில் இருக்கிறது. அவர் தோட்டத்துக்குப் போனார். ஒரு நாளைக்கு அல்ல, 1960-இல் கொடைக்கானலில் கண்மூடும்வரை அந்த வேலை அவருடைய வேலையாகவே இருந்தது.

அதே வேலூரில் இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவரைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருளுங்கள். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சல் கண்டு அந்த மலையிலேயே இறந்தார். மகன் லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மரத்துப்போன அந்தக் கை அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கியது. வலு போகவில்லை, சில தசைகள் மட்டுமே செயலற்றுப் போயிருக்கின்றன என்று அந்த இறுக்கம் சொன்னது. நல்ல தசையின் தசைநாரை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிக் கட்டினால் கை திறக்கும். தொழுநோயாளிக்குப் பொது மருத்துவமனையில் படுக்கையே கிடைக்காத காலம் அது. அந்தக் கைகளை அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

கை திறந்தபின் அவர்கள் எங்கே போவார்கள்? கல்லூரி வளாகத்திலேயே சில சிறிய வீடுகள் கட்டி, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கேதான் ஒரு விநோதம் நடந்தது. இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. தொழுநோய் விரலை அழுகவைத்து உதிர்த்துவிடும் என்றுதான் உலகம் அதுவரை நம்பியிருந்தது. காவல் இருந்து பார்த்தபோது எலி வந்து கடிப்பது தெரிந்தது. வலி தெரியாத விரலை எலி கொறிக்கிறது, தூங்குகிறவருக்கு அது தெரியவில்லை. அன்றுமுதல் வீடு திரும்புகிற நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

பூனை கொடுப்பது ஊழியமா என்று யாராவது கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். கடவுளின் அன்பை அந்த மனிதருக்கு அறிவிக்க அந்த இரவில் வேறு வழி இல்லை. பாதங்களுக்கும் அதே கதைதான். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வருவது நடையின் அழுத்தத்தால். பிராண்டும் உடன் உழைத்தவர்களும் மெழுகு, மரம், பலவகை ரப்பர் என்று மாற்றி மாற்றிச் செருப்பு செய்து பார்த்தார்கள். முடிவில் மென்மையான நுண்துளை ரப்பரில் வந்து நின்றார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்கிறோமே, சர்க்கரை நோயாளிகளும் வாங்கிப் போடுகிறார்களே, அதன் பின்னால் வேலூரின், அதன் அருகிலுள்ள கரிகிரியின் அந்தத் தேடல் இருக்கிறது. பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் செய்கிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செருப்பு நினைவுக்கு வருகிறது. ஒரு அறுவை மருத்துவர் செருப்பின் அடிப்பாகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதைவிட அந்தச் சடங்குக்கு நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அவரிடம் கற்றவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் ஒருவர். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யப் பழகினார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். பிராண்டின் தாயார் ஈவ்லினையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அவர் மலைகளை விட்டு இறங்கவில்லை. 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலைக் கிராமங்களில்தான் உழைத்தார்.

இதுவரை சொன்னது மூத்த மகனின் வம்சம். இனி இளைய மகனைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இந்த மேடைக்கு நான் நேர்மையாக இருக்கமாட்டேன்.

தமிழ்த் திருச்சபை சொல் வளம் மிக்க திருச்சபை. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கிய நாள்முதல் அச்சிட்டோம், மொழிபெயர்த்தோம், கீர்த்தனைகள் பாடினோம். அந்தச் செல்வத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் நம் சொற்கள் அத்தனையும் தடுமாறி விழுந்தன. அந்த இடம் பந்தி. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, திருவிருந்துப் பாத்திரத்தில் யார் யாருக்குப் பின்னால் வாய் வைப்பது என்ற இடம்.

கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுதாகக் கைவிடப்படவேண்டும் என்பது அதன் சாரம். சென்னையிலும் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் பெரும் கலக்கம் ஏற்பட்டது. பலர் சபையை விட்டு விலகினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தஞ்சையில் இந்தப் பூசல் புகைந்துகொண்டிருந்தது. சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியார் இருந்தார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு அவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர், சரபோஜி மன்னரின் அவைப் புலவர். சாதி உலக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் பகை இல்லை என்பது அவர் தரப்பின் வாதம். முன்னோர்களான மிஷனரிகள் இதைக் கட்டாயப்படுத்தவில்லையே என்றும் கேட்டார்கள். அவருடைய பாடல்களை நாம் இன்றும் உள்ளம் உருகிப் பாடுகிறோம். அந்தப் பாடல்களில் இருக்கும் பக்தி போலியானது என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். அது உண்மையான பக்தி. உண்மையான பக்தியும் பந்தியில் வந்து நின்றுவிடக்கூடும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி.

மதுரையில் அமெரிக்க மிஷனார் 1847-இல் வேறு வழியைப் பிடித்தார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட எவராலும் முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் மிஷனின் உபதேசியார்களும் மற்ற ஊழியர்களும் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்ணவேண்டும் என்று வைத்தார்கள். விசுவாசப் பிரமாணத்தைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தவர்கள், வேத வசனங்களை நாவில் வைத்திருந்தவர்கள், அந்த ஒரு கவளத்தின் முன்னால் எழுந்து போனார்கள். பலர் வேலையையே இழந்தார்கள். வயிற்றுப்பிழைப்பையும் விட்டுக்கொடுக்கத் துணிந்தார்கள், அந்தக் கவளத்தை மட்டும் விழுங்க முடியவில்லை. அவர்களை எளிதாகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊரும் உறவும் ஒதுக்கிவிடும், பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கீழ்ப்படிதல் எந்த இடத்தில் விலை கேட்குமோ அந்த இடத்தை மதுரை மிஷனார் சரியாகக் கண்டுபிடித்தார்கள். விலை கேட்காத இடத்தில் நாம் எல்லோரும் கீழ்ப்படிகிறவர்களே.

மிஷனரிகளை நான் முழுதாக விட்டுவிடவில்லை. பந்திச் சமத்துவம் கேட்ட அதே வெள்ளையர்களில் பலர் தங்கள் பங்களாவின் மேசைக்கு இந்திய ஊழியரை அழைத்ததில்லை. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அதை அவர்கள் முகத்துக்கு எதிரே சொன்னார். நீங்கள் தந்தவற்றுக்கெல்லாம் நன்றி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்பதே அவர் பேச்சின் சாரம். 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்ற பெயரும் பெற்ற அவர், ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகளில்தான் தன் பணிக்காலத்தைக் கழித்தார். அந்த மக்களின் வாழ்க்கை மாறியதைப் பார்த்தே அக்கம்பக்கத்து மேல்சாதியார் சபைக்கு வந்தார்கள். அவர்களை இழுத்தது மேடைப் பேச்சு அல்ல.

கத்தோலிக்க நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வரலாற்றிலும் ஓர் ஊர் இருக்கிறது. வடக்கன்குளம். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், டச்சுத் தளபதி டி லனாயிடமிருந்து யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பி, 1745-இல் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில். எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகியது அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் வதைத்து, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கியிருந்தது.

அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின், சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேர்கிற இரட்டை ஆலயத்தைக் கட்டினார்கள். பீடத்திலிருந்து பார்க்கும் குருவானவருக்கு இரு பக்கமும் தெரியும். மக்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குருவானவர் அந்தத் தடுப்பை இடித்தார். கலகம் நடந்தது. தனியிடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது, நிற்கவில்லை. ஒரு சாட்சியின் இரத்தத்துக்கு உறவான ஊரில், கிறிஸ்தவர்களே கிறிஸ்தவக் குருவானவர்மேல் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பக்கத்தில் உட்காராமல் இருக்கும் உரிமைக்காக. நற்கருணையை அவர்கள் எத்தனை பக்தியோடு வாங்கியிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு தடை எழும், அதைக் கேட்காமல் போகமுடியாது. நாம் கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோமே, கிரியைகளால் அல்லவே, செயல் செயல் என்று பேசினால் பவுலை விட்டுவிட்டு யாக்கோபிடம் ஓடுவதாகாதா? லூத்தர் 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தள்ளியது உண்மை. ஆனால் அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படியுங்கள். விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் நன்மை செய்துகொண்டே இருப்பது, செய்யட்டுமா என்று கேட்கும் முன்பே செய்து முடித்திருப்பது என்ற கருத்தை அங்கே அவரே விளக்குகிறார். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுவதும் அன்பின் வழியே வேலை செய்கிற விசுவாசத்தைப் பற்றித்தான். நாத்சிகளின் ஜெர்மனியில் இரகசிய இறையியல் கல்லூரி நடத்திய போன்ஹோஃபர், மலிவாக விற்கப்படும் கிருபை திருச்சபையின் கொடிய பகை என்று 1937-இல் எழுதினார். 1945 ஏப்ரல் 9-இல் தூக்கு மேடையேறினார். பிராண்ட் செருப்பு செய்தது பரலோகத்தில் கணக்கில் வரவு வைப்பதற்காக அல்ல. எதிரே ஒரு பாதம் புண்ணாகிக் கிடந்தது, அவ்வளவுதான். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வலப்பக்கம் நிற்பவர்கள், எப்போது உம்மைக் கண்டோம் என்று வியந்து கேட்கிறார்கள். தாங்கள் செய்தது அவர்களுக்கே தெரியவில்லை.

ஆராதனையைக் குறைத்துச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் இறைவன் உபவாசத்தைக் கண்டிக்கும்போது, உபவாசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உபவாசம் இருக்கும் நாளிலேயே வேலைக்காரரை ஒடுக்குகிறீர்களே என்றுதான் கேட்கிறார். பாடுங்கள், இன்னும் நன்றாகப் பாடுங்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கொரு முறை அசனப் பந்தி போடுகிறார்களே, ஊரே ஒன்றாக அமர்ந்து சோறும் குழம்பும் சாப்பிடும் அந்தப் பந்தி எனக்கு எந்தப் பிரசங்கத்தையும்விட உயர்ந்ததாகப் படுகிறது. 1847-இல் எழுந்து போனவர்களின் நினைவோடு பார்த்தால், அந்தச் சோற்றின் பெருமை இன்னும் தெரியும். ஆனால் அசனத்தன்று ஒன்றாக உண்டவர்கள் மறுவாரம் இறந்தால் ஒன்றாகப் புதைக்கப்படுகிறார்களா?

சில ஊர்களில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கிறது, அல்லது சுவர் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடு இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. அதை எதிர்த்து ஆண்டுதோறும் அந்த நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். கோரிக்கை நியாயமானது, நானும் அதில் கலந்துகொள்கிறேன். ஆனால் அரசாங்கத்தின் ஆணையை மாற்ற டெல்லிக்குப் போகவேண்டும். கல்லறைச் சுவரை எடுக்க நம் கமிட்டி அறைக்குப் போனால் போதும். சாவி நம்மிடமே இருக்கிறது.

சகேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். எரிகோவின் வரி வசூலிப்போர் தலைவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தார். லூக்கா எழுதியிருப்பதைப் பார்த்தால், இயேசு அவனிடம் ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. அவனாக எழுந்து நின்று பேசினான். பேசியது வாக்குறுதிதான், சொல்தான். ஆனால் அந்தச் சொல்லில் எண்கள் இருந்தன. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை திருப்பி. யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை அவன் வாசலில் யார் யார் வந்து நிற்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு சொன்னார்.

அப்படி எண்களோடு பேச நம் சபைகளாலும் முடியும். இந்த அரங்கில் சேகரத் தலைவர்கள் இருக்கிறீர்கள், பங்குப் பேரவை உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் நான்கு கணக்குகளை மேசைமேல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் நிறுவனங்களில் கழிவறை கழுவுகிறவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், அவர்களுக்குப் பி.எஃப். பிடித்துக் கட்டுகிறோமா? ஆசிரியர் பணியிடத்துக்குப் பணம் வாங்கப்படுகிறதா, வாங்கியிருந்தால் யாருக்குத் திருப்பவேண்டும்? கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர், தலித் மக்கள் எத்தனை பேர்? கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தில் சுவர் எங்கே இருக்கிறது?

முதல் மூன்றுக்கும் நாளாகலாம், நீதிமன்றம்கூட வரலாம். நான்காவதற்கு அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நாம் மெழுகுவர்த்தியோடு அங்கே போவோம். அதற்குமுன் இரண்டு கூலியாட்களை ஒரு நாள் வேலைக்கு அமர்த்தலாம். எந்தச் சபையாவது அதைச் செய்தால் எனக்கு ஒரு தபால் அட்டை எழுதுங்கள். அந்த இடிபாட்டுக் கற்களைச் சுமக்க நானும் வருகிறேன்.